கூட்டத்துக்குள் இருந்து பதிந்த கூத்துக் கசெட்டுகள்: எதை மீட்கலாம், எதைத் தொடக்கூடாது

2023 நவம்பரில் பீற்றில்ஸ் குழுவின் பெயரில் வந்த பாட்டில், 1980இல் கொல்லப்பட்ட ஜோன் லெனனின் குரல் நேற்றுப் பாடியதுபோலத் தெளிவாகக் கேட்டது. 1970களின் பிற்பகுதியில் அவர் வீட்டில் பியானோ வாசித்தபடி கசெட்டில் பதிந்த குரல் அது. பியானோவிலிருந்து குரலைக் கணினி தனியே பிரித்துக் கொடுத்தது. அந்தச் செய்திக்குப் பிறகு மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் தகரப் பெட்டிகளில் கிடக்கும் கூத்துக் கசெட்டுகளைப் பற்றியும் அதே எதிர்பார்ப்பு உண்டாகியிருக்கிறது. ஒரு செயலியில் போட்டால், கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாரின் குரல் தனியாக, சுத்தமாக வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். வராது. ஆனால் அந்தக் கசெட்டுகளில் பலரும் நினைப்பதைவிட அதிகமான ஒலி இன்னும் இருக்கிறது. அதில் பெரும்பகுதியை மீட்பது கணினிக்கு முந்திய வேலைகள்: நாடாவைத் துப்புரவாக்குவது, நாடாவிலுள்ள ஒலியை வாசிக்கும் ஹெட்டின் சாய்வைச் சரிசெய்வது, வேகத்தைக் கண்டுபிடிப்பது.

பார்வையாளர் பதிவு என்பது என்ன

பாடுபவரின் ஒலிவாங்கியிலிருந்து வயர் இழுத்து எடுக்காமல், பார்க்க வந்த ஒருவர் தன் மடியில் வைத்திருந்த கருவியால் பதிந்ததைப் பார்வையாளர் பதிவு என்கிறோம். மேலை நாடுகளின் நாட்டார்-ரொக் இசையில் இது பெரிய மரபு. இசைச் சுற்றுலா ஒன்றின் ஒவ்வோர் இரவையும் இரசிகர்கள் பதிந்து, தங்களுக்குள் பரிமாறி, பிறகு பத்துக் கணக்கான ஆண்டுகள் அவற்றைத் திருத்திக்கொண்டே இருப்பார்கள். அமெரிக்காவின் கிறேற்புல் டெட் குழு 1984இல் பதிவு செய்வோருக்கென்றே அரங்கில் தனி இடம் ஒதுக்கியது. அவர்கள் சேர்த்துவைத்த தொழில்நுட்ப அறிவில் பெரும்பகுதி நமக்கும் அப்படியே பொருந்தும். பொருந்தாத இடங்களும் உண்டு. அவற்றைத்தான் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

நம்மூர்ப் பதிவுகள் பெரும்பாலும் ஒற்றை ஸ்பீக்கர் கொண்ட மோனோ றெக்கோடரில், உள்ளே பொருத்திய சிறிய ஒலிவாங்கியால், பற்றறியில் பதியப்பட்டவை. மத்திய கிழக்குக்குப் போனவர்கள் கொண்டுவந்த பெரிய ஸ்ரீரியோ செற்றில் பதிந்தவை சில. வடமோடி, தென்மோடி என்ற இருவகைக் கூத்துகள், கண்ணகி அம்மன் சடங்கின் குளிர்த்திப் பாடல், வசந்தன் பாட்டு, பறைமேளம், அக்கரைப்பற்று, மருதமுனைப் பக்கத்தில் பக்கீர்மார் றபான் தட்டிப் பாடிய பைத் என்று பலவகையும் இவற்றில் இருக்கின்றன.

மேடைக் கச்சேரிக்கும் கூத்துக்கும் ஒலியில் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. மேடையில் பாடகர் ஓரிடத்தில் நிற்பார். கூத்து ஆடும் இடமான வட்டக் களரியில் அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் நடுவில் நிற்க, கூத்தர் அவர்களைச் சுற்றி ஆடுவார். ஆகவே களரியின் ஒரு பக்கத்தில் இருந்த றெக்கோடருக்குக் கூத்தரின் குரல் கிட்ட வரும், தூரப் போகும், மறுபடி கிட்ட வரும். மத்தளமும் சல்லரி என்ற வெண்கலத் தாளமும் மட்டும் எப்போதும் ஒரே தூரத்தில் கேட்கும். இந்த ஏற்ற இறக்கம் ஆட்டத்தின் வட்டம். பதிவின் பழுதென்று எண்ணி ஒலிமட்டத்தைத் தட்டையாக்கினால், கூத்தர் எந்தப் பக்கம் நின்றார் என்ற தகவலே அழிந்துபோகும்.

கசெட்டுக்குள் இருப்பது

பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய கசெட்டின் நாடா 3.81 மில்லிமீற்றர் அகலம். செக்கனுக்கு 4.76 சென்ரிமீற்றர் வேகத்தில் ஓடும். சி-60 என்றால் பக்கத்துக்கு 30 நிமிடம், சி-90 என்றால் 45, சி-120 என்றால் 60. நேரம் கூடக்கூட நாடா மெலியும். சி-90இன் நாடா சுமார் 12 மைக்ரோமீற்றர் தடிப்பு, சி-120இனது சுமார் 9. இரவு முழுக்க நடக்கும் கூத்துக்கு மிச்சம் பிடிக்கலாம் என்று சி-120 வாங்கியவர்களின் நாடாக்கள்தான் இன்று அதிகம் சுருண்டும் இழுபட்டும் கிடக்கின்றன. மெல்லிய நாடாவில் இன்னொரு தொல்லையும் உண்டு: ஒரு சுற்றின் காந்தப் பதிவு அடுத்த சுற்றில் ஒட்டிக்கொள்ளும். பாட்டு தொடங்கும் முன்பே அதன் மெல்லிய சாயல் கேட்பது இதனால்தான். ஓடவிடும் முன் இரண்டு மூன்று தடவை முன்னும் பின்னும் முழுவதாகச் சுற்றினால் இது கொஞ்சம் குறையும்.

மோனோ றெக்கோடர் ஒரு பக்கத்துக்கு 1.5 மில்லிமீற்றர் அகலத் தடம் ஒன்றைப் பதியும். ஸ்ரீரியோ றெக்கோடர் அதே அகலத்துக்குள் 0.6 மில்லிமீற்றரில் இரண்டு தடங்கள் பதியும். எனவே மோனோக் கசெட்டை ஸ்ரீரியோ டெக்கில், அதாவது கசெட் ஓடவிடும் கருவியில், போட்டால் ஒரே ஒலியின் இரண்டு பிரதிகள், இடதும் வலதுமாகக் கிடைக்கும். இடப்பக்க விளிம்பில் நாடா கசங்கியிருந்தால் வலப்பக்கத்திலிருந்து எடுக்கலாம். இதனால்தான் மோனோப் பதிவையும் ஸ்ரீரியோவாகவே கணினிக்குள் எடுக்க வேண்டும்.

ஓடவிடும் முன்

முதல் வேலை, கசெட்டின் பின்விளிம்பில் இருக்கும் இரண்டு சிறிய பிளாஸ்ரிக் தக்கைகளையும் உடைத்துவிடுவது. அதன்பின் தவறிக்கூட மேலே பதிய முடியாது.

வாவியும் கடலும் சூழ்ந்த நம் கரையோரத்தில் கசெட்டுகளுக்கு முதல் எதிரி பூஞ்சணம். கண்ணாடிச் சாளரம் வழியாகப் பார்த்தால் நாடாச் சுருளின் மேல் வெள்ளைப் புள்ளிகளோ நூல்போன்ற படலமோ தெரியும். அதை ஓடவிட்டால் பூஞ்சணம் ஹெட்டில் அப்பி, அடுத்தடுத்த கசெட்டுகளுக்கும் தொற்றும். வெயிலில் காயவைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. கசெட்டுக்கு அது கூடவே கூடாது. கூடு வளையும், ஒரு சுற்றின் பதிவு மற்றச் சுற்றில் ஒட்டுவதும் சூட்டில் கூடும். மூடியுள்ள பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளுடன் சில நாட்கள் வைத்தால் பூஞ்சணம் காய்ந்து தூளாகும். பிறகு முகக்கவசம் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வெளியே, மென்மையான தூரிகையால் சுருளின் விளிம்பைத் துடைக்கலாம்.

2004 ஆழிப்பேரலையிலோ பின்வந்த வெள்ளங்களிலோ நனைந்த கசெட்டுகள் வேறு வகை. உப்பு நீர் காய்ந்தால் உப்புப் பளிங்குகள் நாடாவைக் கீறும், உள்ளிருக்கும் உலோகத் துண்டுகள் துருப்பிடிக்கும். அவற்றைக் கூட்டிலிருந்து கழற்றி, சுருளைக் குலையாமல் காய்ச்சி வடித்த நீரில் பலமுறை அலசி, நிழலில் காற்றில் உலர்த்தி, புதிய கூட்டில் ஏற்ற வேண்டும். புதிதாக நனைந்த கசெட் சேற்றோடு இருந்தால், கழுவும் வரை அதைக் காயவிடாமல் சுத்தமான குளிர்நீரிலேயே வைத்திருப்பது நல்லது.

கூடு ஐந்து திருகாணிகளால் பூட்டப்பட்டதா, ஒட்டப்பட்டதா என்று பாருங்கள். ஒட்டிய கூட்டை விளிம்பில் மெல்லிய கத்தியால் பிளந்துதான் திறக்க முடியும். எனவே மாற்றுக்கூடாக ஐந்து திருகாணி உள்ள வெற்றுக் கசெட் ஒன்றை எப்போதும் கைவசம் வைத்திருக்க வேண்டும். உள்ளே முக்கியமாகப் பார்க்கவேண்டியது, நாடாவை ஹெட்டோடு அழுத்தும் சிறிய கம்பளித் துண்டு. அதன் பசை காய்ந்து துண்டு விழுந்திருந்தால் உயர் ஒலிகள் முழுவதும் மங்கிவிடும். "கசெட் செத்துவிட்டது" என்று ஒதுக்கப்படுபவற்றில் பல, இந்தத் துண்டு மட்டும் விழுந்தவை. அறுந்த நாடாவைச் செலோரேப் போட்டு ஒட்டாதீர்கள். அதன் பசை கசிந்து அடுத்த சுற்றுகளோடு ஒட்டிக்கொள்ளும். கசெட் நாடாவுக்கென்றே விற்கும் ஒட்டுநாடாவை, காந்தப் பூச்சு இல்லாத புறத்தில் மட்டும் ஒட்ட வேண்டும்.

டெக்கின் ஹெட்டையும் நாடாவை இழுக்கும் உலோகத் தண்டையும் 99 சதவீத ஐசோபுறொப்பைல் அற்ககோலில் தோய்த்த பஞ்சுக்குச்சியால், ஒவ்வொரு கசெட்டுக்கும் முன் துடைக்க வேண்டும். பழைய கசெட்டுகள் அவ்வளவு தூள் விடும். இறப்பர் உருளைக்கு அற்ககோலை அடிக்கடி பாவித்தால் இறப்பர் காய்ந்து வெடிக்கும். சோப்புநீர் ஒரு சொட்டுத் தோய்த்த துணி போதும்.

ஹெட்டின் சாய்வு: எல்லாவற்றிலும் பெரிய பலன் இங்கேதான்

ஹெட்டில் ஒலியை வாசிக்கும் மிக மெல்லிய பிளவு ஒன்று உண்டு. அது நாடாவுக்குச் சரியான செங்குத்தில் நிற்க வேண்டும். இந்த நிலையை அசிமத் என்பார்கள். பதிந்த கருவியின் பிளவு சற்றே சாய்ந்திருந்தால் பதிவும் சாய்வாகவே விழும். அதைச் செங்குத்தான ஹெட்டால் வாசித்தால் உயர் ஒலிகள் மங்கும்.

எவ்வளவு சாய்ந்தால்? கணக்குப் போட்டால் திகைப்பாக இருக்கும். 10 கிலோஹேர்ட்ஸ் ஒலி நாடாவில் பிடிக்கும் இடம், அதாவது ஓர் அலையின் நீளம், 4.76 மைக்ரோமீற்றர். தடத்தின் அகலம் 1.5 மில்லிமீற்றர். ஹெட் வெறும் 0.18 பாகை சாய்ந்தாலே தடத்தின் மேல்விளிம்புக்கும் கீழ்விளிம்புக்கும் இடையில் ஒரு முழு அலை வித்தியாசம் வந்து, அந்த ஒலி தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். அதே சாய்வில் 5 கிலோஹேர்ட்ஸ் ஒலி ஏறத்தாழ 4 டெசிபெல் குறையும். சல்லரியின் மினுக்கமும், கூத்தர் காலில் கட்டிய சதங்கையும், 'ச', 'ஸ' போன்ற எழுத்துகளின் கூர்மையும் இருப்பது இந்தப் பகுதியில்தான். மேடுபள்ள வழியில் சைக்கிளில் கொண்டுபோன மலிவு றெக்கோடரில் 0.18 பாகை பிசகுவது பெரிய விடயமல்ல. ஆகவே கூத்துக் கசெட் மந்தமாகக் கேட்டால், நாடா பழுதென்று முடிவுகட்டும் முன் இதைப் பார்க்க வேண்டும்.

செய்முறை:

1. டெக்கின் கசெட் கதவின் முன்மூடியைக் கழற்றுங்கள். ஹெட்டின் இரு பக்கத்திலும் திருகாணி இருக்கும். ஒன்று இறுகப் பூட்டியது. மற்றது கீழே சிறு சுருள்வில்லோடு, பெரும்பாலும் பெயின்ற் பொட்டு வைத்து இருக்கும். திருப்பவேண்டியது சுருள்வில் உள்ளதை.
2. தொடங்கும் முன் அதன் நிலையைப் படம் எடுத்துவையுங்கள். வேலை முடிந்ததும் அதே நிலைக்குத் திரும்ப வேண்டும்.
3. காந்தம் ஏறாத திருகாணிச் சாவியையே பாவிக்க வேண்டும். காந்தம் ஏறிய சாவி ஹெட்டையும் காந்தமாக்கும். காந்தமேறிய ஹெட் ஓடும் நாடாவின் உயர் ஒலிகளைச் சிறுகச் சிறுக அழிக்கும்.
4. இடது வலது இரண்டையும் கூட்டி மோனோவாகக் கேளுங்கள். சதங்கையோ சல்லரியோ தொடர்ந்து ஒலிக்கும் இடத்தைத் தேர்ந்து, திருகாணியைக் கால் சுற்றுக்கும் குறைவாக, மிக மெதுவாக இருபுறமும் திருப்புங்கள். ஒலி திடீரென்று திறந்துகொள்ளும் ஓர் இடம் வரும். அதைத் தாண்டினால் மறுபடி மங்கும். திறந்த இடத்தில் நிறுத்துங்கள்.
5. ஒவ்வொரு கசெட்டுக்கும், ஒவ்வொரு பக்கத்துக்கும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். ஏ பக்கத்துக்குச் சரியான இடம் பீ பக்கத்துக்குச் சரியாக இராது.

மங்கலாகப் பதிவேறிய ஒலியைப் பிற்பாடு கணினியில் 'ரெபிள்' கூட்டித் திருத்தலாமே என்று கேட்கலாம். முடியாது. ஹெட் வாசிக்காத ஒலி கோப்பில் இல்லை. கூட்டினால் கூடுவது இரைச்சல் மட்டுமே.

இதனோடு சேர்த்துப் பார்க்கவேண்டிய இன்னொன்று: குரோம் என்ற உயர்வகைக் கசெட்டின் பின்விளிம்பில் கூடுதலான பள்ளங்கள் இருக்கும். அவற்றைத் தொட்டுணர்ந்து டெக் தானாகவே உயர் ஒலிகளைக் குறைக்கும் நிலைக்கு மாறும். ஆனால் சின்ன மோனோ றெக்கோடருக்குக் குரோம், சாதா என்ற வேறுபாடே தெரியாது. எல்லாவற்றையும் சாதாக் கசெட்டாகவே பதியும். அத்தகைய குரோம் கசெட்டை இன்றைய டெக்கில் போட்டால் உயர் ஒலிகள் நாலரை டெசிபெல் வரை குறைந்து கேட்கும். அந்தப் பள்ளங்களை ஒட்டுநாடாவால் மூடிவிட்டால் டெக் சாதா நிலையிலேயே ஓடும். இரைச்சலைக் குறைக்கும் டொல்பி பொத்தானையும் அணைத்தே வையுங்கள். மோனோ றெக்கோடரில் டொல்பி கிடையாது.

வேகம்: விடியற்காலையில் ஏன் குரல் கீச்சிடுகிறது

இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கிய கூத்தின் கடைசிக் கசெட்டில் எல்லோரும் உச்சக் குரலில் வேகமாகப் பாடுவதுபோல் கேட்கும். களரியில் உற்சாகம் ஏறியது என்று சிலர் எழுதிவைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் காரணம் பற்றறி. மின்அழுத்தம் விழும்போது மோட்டார் மெதுவாகி, நாடாவும் மெதுவாக நகரும். அதைச் சரியான வேகத்தில் ஓடவிட்டால் பதிந்த ஒலி வேகமாகவும் சுருதி கூடியும் வரும். மோட்டாரின் வேகக்கட்டுப்பாடு ஓரளவு அழுத்தம் வரை தாக்குப்பிடித்து, பிறகு விட்டுக்கொடுக்கும். அதனால் முதல் மூன்று கசெட்டும் சரியாக இருந்து நாலாவதில் மட்டும் சுருதி ஏறத் தொடங்கும். இடையில் பற்றறி மாற்றிய இடத்தில் சுருதி சட்டென்று கீழே இறங்கும்.

6 சதவீத வேக வித்தியாசம் ஏறத்தாழ ஒரு அரைச்சுரம். பாட்டின் சுருதிக் கட்டையை ஆய்பவருக்கும், இந்தப் பதிவைக் கேட்டுப் பாட்டைப் பழகப்போகும் இளைஞருக்கும் இது சிறிய பிழையல்ல. சரியான வேகத்தைக் கண்டுபிடிக்க இரண்டு வழிகள் நம்பத்தக்கவை.

முதலாவது, மின்சார இரைச்சல். இலங்கையின் மின்வழங்கல் 50 ஹேர்ட்ஸ். ஒலிபெருக்கி கட்டிய களரியில் அந்த முணுமுணுப்பும் அதன் மடங்குகளான 100, 150, 200 ஹேர்ட்ஸும் பதிவில் இருக்கும். எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும், ஒடாசிற்றி மென்பொருளின் அலைப்பட்டைப் படத்தில் 200 ஹேர்ட்ஸை ஒட்டிய முனையைப் பாருங்கள். அது 206 இல் நின்றால் நாடா 3 சதவீதம் வேகமாக ஓடுகிறது. நாலாவது மடங்கைப் பார்ப்பதற்குக் காரணம், 50 ஹேர்ட்ஸில் ஒன்றரை ஹேர்ட்ஸாக இருக்கும் பிழை 200 இல் ஆறாகப் பெருகித் தெளிவாகத் தெரியும் என்பதே. மின்சாரம் எட்டாத ஊர்களிலும் போர்க்காலத்திலும் ஜெனரேற்றர் வைத்தே ஒலிபெருக்கி ஓடியது. ஜெனரேற்றரின் வேகம் சுமைக்கு ஏற்ப மாறும். அங்கே இந்த வழியை நம்பக்கூடாது.

இரண்டாவது, சல்லரி. வெண்கலத் தாளத்தின் ஒலி இரவு முழுக்க மாறாது. மத்தளம் அப்படியல்ல. பனி விழுந்தால் தோல் தளரும், தீயில் காய்ச்சினால் இறுகும், ஆகவே அதை அளவுகோலாக வைக்க முடியாது. முதல் கசெட்டின் தொடக்கத்தில், புதுப் பற்றறி இருந்தபோது, சல்லரியின் மிகத் துலக்கமான முனை 2400 ஹேர்ட்ஸில் இருந்து, கடைசிக் கசெட்டில் 2496 ஆக வந்தால் வித்தியாசம் 4 சதவீதம். அந்தப் பகுதியை 0.962 மடங்கு வேகத்துக்குக் குறைக்க வேண்டும். கொஞ்சங் கொஞ்சமாக ஏறியிருந்தால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து, ஒடாசிற்றியின் நேரத் தடத்தில் புள்ளிகள் வைத்து வளைவாகச் சரிசெய்யலாம். சுருதியும் வேகமும் சேர்ந்தே மாறும் வகையையே தேர்ந்தெடுக்க வேண்டும். சுருதியை மட்டும் மாற்றும் கருவி ஆட்டத்தின் நடையைப் பிழையாகவே விட்டுவிடும்.

கணினிக்குள் எடுத்தல்

இங்கே அதிகம் சொல்ல இல்லை. டெக்கின் பின்புற லைன்-அவுட்டிலிருந்து ஓடியோ இன்ரர்பேஸின் லைன்-இன்னுக்கு வயர் போட வேண்டும். ஹெட்போன் துளையிலிருந்து மைக் துளைக்குப் போடக்கூடாது. 24 பிற், 96 கிலோஹேர்ட்ஸ், வேவ் கோப்பு. இடம் போதாவிட்டால் 48 கிலோஹேர்ட்ஸ் ஏற்கத்தக்கது. உச்ச ஒலி மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டாமல் வையுங்கள். 96 கிலோஹேர்ட்ஸ் ஸ்ரீரியோவில் சி-90 ஒன்று 3.1 ஜிகாபைற் பிடிக்கும். ஒன்பது மணிநேரக் கூத்து சுமார் 18.7 ஜிகாபைற். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பதிந்தால் புதிய முணுமுணுப்பு சேராது. கசெட்டை நேரே யூ.எஸ்.பி.யில் மாற்றித்தரும் மலிவான வோக்மன் வடிவக் கருவிகளைத் தவிருங்கள். அவற்றின் வேகம் நடுங்கும், ஹெட்டின் திருகாணிக்குக் கை எட்டாது.

இந்த முதற்கோப்பில் எதையும் திருத்தக்கூடாது. திருத்தமெல்லாம் பிரதியில்தான்.

இரைச்சலை எங்கே வரை குறைப்பது

வரிசை முக்கியம். முதலில் வேகம், பிறகு மின் முணுமுணுப்பு, அதன்பின் டிக் டிக் சத்தங்கள், கடைசியாக நாடாவின் 'உஸ்' இரைச்சல். வேகத்தைத் திருத்தும் முன் முணுமுணுப்பை வெட்டினால், அது 50 இலிருந்து 52 வரை அலைந்துகொண்டிருப்பதால் வெட்டு தவறிய இடத்தில் விழும்.

'உஸ்' இரைச்சலை நீக்கும் கருவிகள், இரைச்சல் மட்டும் உள்ள ஒரு துண்டைக் கேட்டு அதன் சாயலை முழுப் பதிவிலிருந்தும் கழிக்கின்றன. இங்கேதான் கூத்துப் பதிவுகள் அதிகம் கெடுகின்றன. சதங்கையின் ஒலிக்கு ஒரு சுருதி கிடையாது. நூற்றுக்கணக்கான சிறு மணிகள் ஒன்றாகக் குலுங்குவது கணினிக்கு இரைச்சல் போலவே தெரியும். 20 டெசிபெல் கழித்தால் 'உஸ்' போகும், கூடவே கூத்தரின் காலும் போய்விடும். மிச்சமிருக்கும் குரல் தண்ணீருக்குள் இருந்து வருவதுபோல் குழையும். தாளக்கட்டைப் படிக்க விரும்புபவருக்கு அந்தக் கோப்பால் ஒரு பயனும் இல்லை.

6 டெசிபெல்லோடு நிறுத்துவது நல்லது. ஒடாசிற்றியில் கழிக்கப்பட்டதை மட்டும் தனியே கேட்கும் வசதி உண்டு. அதில் சதங்கையோ, சல்லரியோ, எழுத்தொலியோ கேட்டால் அளவு மீறிவிட்டது என்று பொருள். சின்ன றெக்கோடர்கள் பெரும்பாலும் 8 முதல் 10 கிலோஹேர்ட்ஸ் வரையே பதிந்தன. அலைப்பட்டைப் படத்தில் அதற்கு மேல் எதுவும் இல்லையென்று உறுதியானால், அந்த எல்லைக்கு மேலுள்ளதை முழுவதாக வெட்டிவிடலாம். இரைச்சல் நீக்கக் கருவியைத் தொடாமலேயே கேட்பதற்குப் பெரிய ஆறுதல் கிடைக்கும்.

கூட்டத்தின் சத்தம் இன்னொரு கேள்வி. குழந்தை அழுவது, கச்சான் விற்பவரின் குரல், பின்னாலிருந்து "சபாஷ்" என்பது, பாத்திரம் களரிக்குள் வரும் வரவு பார்த்து எழும் ஆரவாரம் எல்லாம் பதிவில் இருக்கும். இவற்றை நீக்கவே கூடாது என்பது இந்தக் கட்டுரையின் உறுதியான கருத்து. 1966 மே 17 அன்று மஞ்செஸ்ரரில் பொப் டிலன் மின்கிற்றாருடன் பாடியபோது கூட்டத்திலிருந்து ஒருவர் "யூதாஸ்" என்று கத்தியது நாட்டார்-ரொக் வரலாற்றின் முக்கியமான ஒலிகளில் ஒன்று. அன்று யாராவது அதை இரைச்சல் என்று வெட்டியிருந்தால் அந்த இரவின் பொருளே போயிருக்கும். எந்த வரவுக்கு ஊர் எழுந்தது, எந்தப் பாட்டில் சனம் அமைதியானது என்பதற்கு நம்மிடம் உள்ள சான்று இந்தக் கசெட்டுகள் மட்டுமே.

மத்தளம் அடித்ததும் குரல் அமுங்குவது

மோனோ றெக்கோடர்களில் ஒலிமட்டத்தைத் தானாகவே சரிசெய்யும் சுற்று ஒன்று உண்டு. பெரிய ஒலி வந்தால் அது சட்டென்று மட்டத்தைக் குறைக்கும். பிறகு மெதுவாக, சில செக்கன்கள் எடுத்து, பழைய நிலைக்குத் திரும்பும். மத்தளம் ஓங்கி விழும் ஒவ்வொரு இடத்திலும் அடுத்துவரும் குரலின் முதற்சொற்கள் அமுங்கும். ஒலி அடங்கிய இடத்தில் இரைச்சல் அலையாகப் பொங்கி எழும்.

இதற்குத் தானியங்கி மருந்து கிடையாது. கேட்கும் பிரதியில், அமுங்கிய சொற்களின் மேல் ஒலிமட்ட வளைவைக் கையால் உயர்த்தலாம். ஒரு மணிநேரப் பதிவுக்கு ஒரு முழுநாள் போகும் வேலை. முக்கியமான தருக்களுக்கு, அதாவது கூத்துப் பாட்டுகளுக்கு, மட்டும் செய்வது நியாயம். ஒலிவாங்கி தாங்காமல் உடைந்த ஒலி வேறு. அது கரகரப்பாக இருக்கும், அதை முழுவதாக மீட்க வழியில்லை.

பாட்டின் சொற்களை எழுதியெடுப்பதுதான் நோக்கமென்றால் கூத்தின் அமைப்பே கைகொடுக்கும். கூத்தர் பாடிய வரியைப் பிற்பாட்டுக்காரர் வாங்கிப் பாடுவார்கள். முதற்தடவை அமுங்கிய சொல் இரண்டாம் தடவையில் கேட்கும். ஆனால் அந்த இரண்டாம் தடவையை வெட்டி முதலாவதன் மேல் ஒட்டக்கூடாது. எழுத்துப் பிரதியில் சேர்க்கலாம், ஒலியில் சேர்த்தால் நடக்காத ஒன்றை நடந்ததாகக் காட்டுவதாகும்.

செயற்கை நுண்ணறிவு எவ்வளவு உதவும்

லெனனின் கசெட்டில் இருந்தவை ஒரு குரலும் ஒரு பியானோவும், அமைதியான வீட்டில், கருவிக்கு அருகில். குரலையும் கருவியையும் பிரிக்கும் மென்பொருள்கள் பெரும்பாலும் மேலைத்தேயப் பாட்டுகளில் குரல் எது, கருவி எது என்று பழகியவை. நம் கசெட்டில் பத்துப்பேர் ஒன்றாகப் பாடுகிறார்கள், நடுவில் மத்தளம், ஓடும் சதங்கை, குழாய் ஸ்பீக்கரின் எதிரொலி. பிற்பாட்டைக் குரலென்று எடுப்பதா, பின்னணியென்று தள்ளுவதா என்று கருவிக்குத் தெரியாது. ஒரு வரியில் எடுக்கும், அடுத்த வரியில் தள்ளும்.

பிரிக்கும் கருவிகளால் பெரிய கெடுதல் இல்லை. இருப்பதைப் பங்கிடுவதே அவற்றின் வேலை. மத்தளத்தைக் கொஞ்சம் தணித்துச் சொற்களைக் கேட்க அவை உதவும். ஆபத்தானவை, குறைந்துள்ள ஒலியைத் தாமே உண்டாக்கி நிரப்பும் 'மேம்படுத்தும்' கருவிகள். ஆங்கிலப் பேச்சில் அதிகம் பழகிய கருவி, தெளிவில்லாத இடத்தில் தனக்குத் தெரிந்த ஒலியை வைக்கும். லகர, ளகர, ழகர வேறுபாடும் மட்டக்களப்பு உச்சரிப்பின் நுட்பமும் அங்கே மாறிப்போகலாம். கேட்பவருக்கு அது மாறியதென்றே தெரியாது, ஏனெனில் ஒலி தெளிவாக இருக்கும். ஆவணமாக வைக்கும் பிரதிக்கு இவற்றைப் பாவிக்கக்கூடாது.

ஒரே இரவு, இரண்டு கசெட்டுகள்

சி-90இல் பதிந்தவர் 45 நிமிடத்துக்கு ஒருமுறை கசெட்டைப் புரட்டியிருப்பார். அந்த இடைவெளியில் ஒரு தரு முழுவதாகத் தவறியிருக்கலாம். அதே களரியில் வேறொருவரும் பதிந்திருந்தால், அவர் புரட்டிய நேரம் வேறாக இருக்கும். இசைச் சுற்றுலாப் பதிவுகளைத் திருத்துவோர் இப்படி இரண்டு மூன்று பதிவுகளை இணைத்தே முழு இரவை உருவாக்குகிறார்கள். அரங்கேற்றத்தைப் பதிந்த குடும்பங்கள் ஓர் ஊரில் பலவாக இருப்பதால் நமக்கும் இது கைகூடும்.

முதலில் இரண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவர வேண்டும். 0.1 சதவீத வேறுபாடே 45 நிமிடத்தில் 2.7 செக்கன் விலகும். மத்தளத்தின் ஓர் அடியை அடையாளமாக வைத்துப் பொருத்தி, இடைவெளியில் மட்டும் இரண்டாவது பதிவைச் செருகுங்கள். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக ஓடவிட்டால், களரியின் வெவ்வேறு பக்கத்தில் இருந்த ஒலிவாங்கிகளுக்கு ஒலி வந்துசேர்ந்த நேர வித்தியாசத்தால் குரல் குழாய்க்குள் பேசுவதுபோல் ஆகும். செருகிய ஒவ்வோர் இடத்தையும் நிமிடம், செக்கனோடு எழுதிவையுங்கள்.

பெயரும் அனுமதியும்

டிலனின் அந்த மஞ்செஸ்ரர்ப் பதிவு நீண்ட காலம் இலண்டன் றோயல் அல்பேட் மண்டபத்துப் பதிவென்ற தவறான பெயரோடு கைமாறியது. 1998இல் முறையாக வெளிவந்தபோதும் அந்தப் பெயரை மேற்கோள் குறிக்குள் போடவேண்டியிருந்தது. உலகமே தேடிக் கேட்ட பதிவுக்கே இந்த நிலை. நம் கசெட்டுகளின் உறையில் "கூத்து 2" என்று மட்டும் இருக்கும்.

ஆகவே கோப்போடு ஒரு குறிப்பு கட்டாயம் போக வேண்டும்: ஊர், கோயில், கூத்தின் பெயர், வடமோடியா தென்மோடியா, ஆண்டு, அண்ணாவியார், கூத்தர்கள், பதிந்தவர் இருந்த இடம், கருவி, கசெட் வகை, என்ன திருத்தம் செய்யப்பட்டது. உறையில் எழுதியிருப்பதை அப்படியே ஒரு வரியிலும், விசாரித்து அறிந்ததை வேறு வரியிலும் எழுதுங்கள். இரண்டையும் கலக்கக்கூடாது. கன்னன்குடா, முனைக்காடு போன்ற கூத்தூர்களில் குரலைக் கேட்டே ஆளைச் சொல்லக்கூடிய முதியவர்கள் இருக்கிறார்கள். திருத்தம் முடியும்வரை காத்திராமல், திருத்தாத கோப்பையே முதலில் அவர்களுக்குப் போட்டுக்காட்டிப் பெயர்களைக் குறித்துக்கொள்வதுதான் சரியான ஒழுங்கு. திருத்தத்தைப் பிறகும் செய்யலாம்.

இணையத்தில் ஏற்றும் முன் பாடியவரின் குடும்பத்திடமும் கோயில் நிர்வாகத்திடமும் கேட்க வேண்டும். குளிர்த்தி, காவியம் போன்றவற்றைச் சடங்குக் காலத்துக்கு வெளியே பாட விரும்பாத ஊர்கள் உண்டு. அங்கே கோப்பைப் பாதுகாத்து, பரப்பாமல் விடுவதே முறை. மூன்று பிரதிகள் வையுங்கள்: இரண்டு வெவ்வேறு வன்தட்டுகளில், மூன்றாவது வேறோர் ஊரில். கல்லடியிலுள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம், 2005இலிருந்து இயங்கும் நூலகம் எண்ணிம ஆவணக்காப்பகம் போன்ற இடங்களில் ஒரு பிரதியைக் கொடுத்துவைப்பதற்கு உரியவர்களிடம் பேசலாம். வாட்ஸ்அப்பில் அனுப்பியது பிரதியாகாது. அது ஒலியைச் சுருக்கிவிடலாம், குறிப்பும் கூடப் போகாது. மூலக் கசெட்டையும் எறியாமல், தக்கைகள் உடைத்த நிலையில், சிலிக்கா ஜெல்லோடு நிமிர்த்தி அடுக்கி வையுங்கள்.